மாப்பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி

பொன்னுக்கு வீங்கி கண்ட பிள்ளையை வீக்கம் வற்றும்வரை பள்ளிக்கு அனுப்பக் கூடாது, வீட்டிலும் மற்றவர்களிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. முதல் பாதியைத் தலைமையாசிரியர் நிறைவேற்றினார். என் தாடையைப் பார்த்ததுமே வாசலோடு திருப்பி அனுப்பினார். இரண்டாம் பாதியை நிறைவேற்ற, கருவடிக்குப்பத்தில் எங்களுக்கு இன்னொரு அறை இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக எங்களிடம் ஒரு வைத்தியம் இருந்தது. வீங்கிய கழுத்தில் தங்கம் பட்டால் வற்றிவிடும். எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே தங்கம், தையில் சித்தப்பாவுக்கு மனைவியாக வரப்போகிறவளுக்குச் செய்து வைத்திருந்த சங்கிலி. அம்மா அதை என் கழுத்தில் போட்டாள். எனக்கு வற்றியதும் அது தங்கைக்கு மாறியது.

மில்லில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு இது வேடிக்கை. "இன்னாடா, ரெண்டு பக்கமும் லட்டு அடக்கி வச்சிருக்கியா?" என்று கேட்டபடி என் தட்டில் மிச்சமிருக்கும் ரசஞ்சோற்றைத் தின்று முடிப்பார். அவருக்கும் தாடை வீங்கியதைத் தங்கைதான் முதலில் கண்டுபிடித்தாள். "சித்தப்பா, லட்டு இப்ப ஒன் வாய்ல!" எல்லோரும் சிரித்தோம். சங்கிலி அவர் கழுத்துக்குப் போயிற்று.

முகம் பழையபடி ஆனது. ஆனால் காய்ச்சல் திரும்பி வந்தது. சித்தப்பா பாயை விட்டு எழவில்லை. அப்பா கூட்டி வந்த டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். வளர்ந்த ஆண்களுக்கு இந்த நோய் விதைப்பைக்கும் இறங்குவதுண்டு, பிள்ளை பிறக்குமா என்ற சந்தேகத்தையும் விட்டுப் போவதுண்டு என்பது நான் மீசை முளைத்தபின் தெரிந்துகொண்டது. "பெரும்பாலும் ஒண்ணும் ஆவாது" என்றார் வெளியே வந்த டாக்டர். எழுதித் தர முடியுமா என்று அப்பா கேட்டார். டாக்டர் செருப்பை மாட்டினார்.

பெண் வீட்டுக்குச் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. அந்த வாரமே ரெட்டியார்பாளையத்திலிருந்து பெண்ணின் தாய்மாமா வந்து நின்றார். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்; எங்கள் ஊர் வழக்கில் சொல்தா.

"மாப்ள எங்கம்மா?"

"ஷிப்டுக்குப் போயிருக்காருங்க" என்றாள் அம்மா.

"இல்லியே, உள்ள படுத்துனு இருக்காரு" என்றாள் தங்கை. "மூஞ்சி நல்லாயிடுச்சு. நடக்கத்தான் முடில. இப்பிடி இப்பிடி நடக்குறாரு." காலை அகட்டி வாசல்வரை நடந்தும் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை. பட்டாளத்துக் கொட்டடியில் பொன்னுக்கு வீங்கி கண்டவர்களிடம் அந்த நடையைச் சொல்தா பார்த்திருக்க வேண்டும். காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"வூட்ல கலந்துகினு சொல்றோம்மா."

தை வந்து போனது. சித்தப்பா எழுந்து மில்லுக்குப் போகத் தொடங்கியிருந்தார். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் பெண் வீட்டு ஆளோ என்று அம்மா எட்டிப் பார்ப்பாள், சித்தப்பா பார்க்கமாட்டார். "வேற எடம் பாத்துக்கச் சொல்லுண்ணே அவங்கள. பாவம் அந்தப் பொண்ணு" என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னார். அப்பா அவரைக் கண்டபடி திட்டினார்.

கடைசியில் சொல்தா வந்தார். உட்காரவில்லை.

"பொண்ணுகிட்ட எதையும் மறைக்காம சொல்லிட்டோம். பொறந்தா பொறக்குது, இல்லாட்டி அந்த வூட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குதேன்னு சொல்லிடுச்சு. நாளப் பாருங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்தப்பா என்னைப் பிடித்து இழுத்து இறுக்கிக்கொண்டார்; மூச்சு முட்டியது. அந்த இரண்டு பிள்ளைகள் நாங்கள்தான் என்பது புரிந்தது. பார்த்தே இராத ஒருத்தி எங்களை எதற்காகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறாள் என்பதுதான் புரியவில்லை. சாமிகள் கடலாடுவதைப் பார்க்க எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. அன்று மாசி மகம்.