எங்காத்துப் பூனைக்குச் சர்க்கரை

முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள்தான். கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையில், எங்கள் பூனை ஒன்றுக்குப் போகிற மூலையில், காலையும் மாலையும் வரிசை கட்டி நின்றன. என் கணவர் அதைப் பார்த்துவிட்டு எறும்புப் பொடி வாங்கி வந்து தூவினார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை வியாதியோடு குடும்பம் நடத்துகிற மனிதர். எறும்பு ஏன் வருகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளியலறை வாளியில் முன்காலை ஊன்றி நின்று பூனை நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தது. திருவனந்தபுரத்துப் புழுக்கம் என்று நினைத்தேன். வயிறு நிறையத் தின்றும் முதுகெலும்பு தெரிய இளைத்தது. வயசாகிறது என்று நினைத்தேன். பிறகு ஒருநாள், பின்கால் பாதம் முழுக்கத் தரையில் பதிய, முயல் மாதிரி தத்தித் தத்தி நடந்து வந்தது. அதற்குக் காரணம் கற்பிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லாததால் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காய்கறிக் கூடையில் அவனை உட்காரவைத்து மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மலையாளி; தமிழ்நாட்டில் படித்தவர் என்பதால் எங்களிடம் தமிழில் பேசினார், அதாவது அவருடைய தமிழில்.

"இவனுக்கு டயபெட்டிஸ் ஆணு, மேடம். ஷுகர் நானூறுக்கு மேல போயிருக்கு. பேடிக்க வேண்டாம், இன்சுலின் கொடுத்தா கைகாரியம் பண்ணலாம். என்ன சாப்பிடுவான்?"

"தயிர் சாதம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"வேற?"

"இட்லி. பால். பப்படம்னா உசிரு."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "மேடம், இது பூச்சையாக்கும். பட்டரில்லை."

பட்டர் என்று மலையாளத்தில் சொல்வது எங்களைப் போன்ற தமிழ்ப் பிராமணர்களை. கரமனையில் ஆற்றங்கரையை ஒட்டிய அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒருவர் தும்மினால் மூன்று வீட்டில் நூறாயுசு வாழ்த்துவார்கள். அந்தத் தெருவில் பிறந்த பூனை அது. அரிசி, பால், மாவு எல்லாவற்றையும் உடனே நிறுத்த வேண்டும், மீனும் கோழியும்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"சோயா போறாதா, டாக்டர்?"

போதாதாம்.

ஆக, முட்டை ஓடுகூட நுழையாத வீட்டுக்குள் கோழி டப்பாவில் அடைபட்டு வந்தது. டப்பாவைக் கொல்லையில் வைத்துத்தான் திறக்க வேண்டும், அதற்கென்று தனி ஸ்பூன், தனித் தட்டு, துடைக்கத் தனித் துணி என்று என் கணவர் ஒரு சட்டமே இயற்றினார். மூக்கில் அங்கவஸ்திரத்தைச் சுற்றிக்கொண்டு முதல் டப்பாவைத் திறந்தவரும் அவர்தான். பூனை அதை முகர்ந்து பார்த்தது. பத்து வருடம் தன்னிடமிருந்து என்ன மறைத்து வைத்திருந்தோம் என்று புரிந்துகொண்ட பார்வை ஒன்று எங்கள் மேல் விழுந்தது. பிறகு தட்டு காலியானது.

மறுநாளே பக்கத்து வீட்டு மாமி வாசலில் வந்து நின்றாள். "மாமி, தப்பா நினைக்கப்படாது. உங்காத்துலேர்ந்து ஒரு மாதிரி வாசனை வரதே?"

"மருந்து மாமி. பூனைக்கு ஷுகர்."

"பூனைக்கா? பாவம்! அதுதானாக்கும் நேத்திக்கு அத்தனை வாட்டமா இருந்துது. நான் ஒரு கரண்டி பால்பாயசம் விட்டேன், அப்பறம்தான் தெளிஞ்சுது."

அன்றுதான் எனக்கு முழு உண்மையும் தெரிந்தது. எங்கள் வீட்டில் தயிர் சாதம் முடித்துவிட்டு, ஓட்டு வழியாக அடுத்த வீட்டுக்குப் போய் பாயசமும் சாப்பிட்டிருக்கிறான். என்றோ ஒருநாள் அல்ல, தினமும்; அந்த வீட்டில் பாயசம் இல்லாத நாளில் பாலில் சர்க்கரை போட்டு ஊற்றுவார்களாம். "வெறும் பால் அவனுக்கு இறங்காது, கேட்டேளா" என்றாள் மாமி. இனி ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக்கூடாது என்று விளக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்காத்துல என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்கோ, ஆனா பட்டினி மட்டும் போட்டுடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னமோ நான்தான் வியாதியைக் கொடுத்தவள் மாதிரி.

அடுத்தது ஊசி. காலை ஏழு, மாலை ஏழு. முதலில் சாப்பாடு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, அடியில் ஒரு யூனிட். சாப்பிடாவிட்டால் ஊசி கிடையாது, டாக்டருக்கு ஃபோன். சிரிஞ்சில் ஆரஞ்சு மூடி போட்டதுதான் வாங்க வேண்டும், சிவப்பு மூடி அளவு வேறு, மாறினால் ஆபத்து என்று டாக்டர் மூன்று முறை சொல்லியிருந்தார். என் கணவர் சிவப்பு மூடிதான் வாங்கி வந்தார். "நிறத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார். மறுபடியும் செருப்பை மாட்டவைத்துக் கடைக்கு அனுப்பினேன்.

ரத்தம் பார்க்க மீட்டர் வேண்டும் என்றதும் அதற்கு மட்டும் கஷ்டமே இருக்கவில்லை. பெங்களூரிலிருக்கும் எங்கள் பெண் அப்பாவுக்கென்று வாங்கி வந்த மீட்டர் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது, உறைகூடப் பிரிக்காமல். விரலில் குத்தினால் தலை சுற்றும் என்பது அவருடைய பதினைந்து வருடக் கட்சி. அந்த மீட்டரில் முதல் ரத்தம் சிந்தியது பூனைதான். காது நுனியை வெந்நீர்த் துணியால் சூடாக்கி, ஓரத்தில் லேசாக ஒரு குத்து. பூனை காதை ஒரு முறை உதறியதோடு சரி. என் கணவர் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பார்த்தேளா? அவன் ஒண்ணும் பண்ணலை" என்றேன்.

"அவனுக்கு என்ன, ரோமம் இருக்கு" என்றார்.

காலை ஊசி என் பொறுப்பு. மாலையில் செயலகத்துப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து நான் ஏழுக்குள் வந்து சேர்வது நிச்சயமில்லை. ஊர்வலம் இல்லாத நாள் எது? அதனால் மாலை ஊசி, ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் என் கணவர் தலையில் விழுந்தது. முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு போட்டு, மருந்தைப் பாதி ரோமத்துக்கும் பாதித் தன் வேட்டிக்கும் கொடுத்தார். இரண்டாவது மாதம் வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டு, குப்பியைக் குலுக்கக்கூடாது, உள்ளங்கையில் உருட்ட வேண்டும் என்று வகுப்பெடுக்கும் அளவுக்கு முன்னேறிவிட்டார். திருநெல்வேலியில் என் தங்கை பெண் கல்யாணத்துக்கு, "பூனையை யார் பார்க்கறது?" என்று என்னைத் தனியாக அனுப்பிவைத்தார். எனக்கு டைஃபாய்டு வந்த வருடம் இதே மனிதர் சபரிமலைக்குப் போயிருந்தார்.

இப்படி நிபுணரான பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

நான் குளித்துவிட்டு வந்து, வழக்கம்போல டப்பா திறந்து, தட்டில் வைத்தேன். பூனை சும்மா நாலு வாய் நக்கியது. சாப்பிடுகிறதே என்று ஊசியைப் போட்டுவிட்டுக் காப்பி கலக்கப் போனேன். எட்டரை மணிக்குக் கோயிலிலிருந்து திரும்பிய என் கணவர், நெற்றியில் சந்தனமும் முகத்தில் தியாகமுமாக வந்து நின்றார்.

"இன்னிக்கு உனக்கு லீவு. ஆறரைக்கே சாப்பாடு கொடுத்து ஊசியும் நானே போட்டுட்டேன்."

கையிலிருந்த டம்ளரை நான் கீழே வைத்தது ஞாபகமில்லை.

"நானும் போட்டுட்டேனே!"

இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது பூனை ஊஞ்சலுக்கு அடியில் இருந்தது. எழுந்து எங்களை நோக்கி வரப்பார்த்து, குடித்தவன் மாதிரி இரண்டடி பக்கவாட்டில் போய்ச் சாய்ந்தது. கண் எங்களைப் பார்த்தபடி இருந்தாலும் எங்களைப் பார்க்கவில்லை. நான் டாக்டருக்கு ஃபோன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தப் பெண் எடுத்தார்.

"தேன் இருக்கா? வாயில ஊத்தக்கூடாது, மூச்சில போயிடும். ஈறுல தேயுங்க. தேய்ச்சுக்கிட்டே கிளினிக்குக்கு வாங்க. நானும் இப்போ அங்க வந்து எத்தும்."

விதுரைப் பக்கம் போனபோது ரோட்டோரத்தில் வாங்கின மலைத்தேன் ஒரு பாட்டில் இருந்தது. என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேனே, நான் அப்பவே சொன்னேனே" என்று வாசல்வரை வந்தாள். அன்று நாங்களும் சர்க்கரையைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

ஆட்டோவில் பூனை என் கணவர் மடியில். அவர் தேனில் விரலைத் தோய்த்துத் தோய்த்து ஈறில் தேய்த்தார். தனக்குக் குத்திக்கொள்ளப் பயந்த விரலைப் பூனையின் பல்லுக்கு நடுவே விட்டுக்கொண்டிருந்தார். அது ஒருமுறை வெட்டி இழுத்துக் கடித்து ரத்தம் வந்தபோதும் எடுக்கவில்லை. "டேய், டேய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "பூச்சைக்கு எந்து பற்றி, சாரே?" என்று கேட்டார். பூனைக்கு என்ன பற்றியது, அதாவது என்ன ஆச்சு என்று. "நாங்கள் பற்றினோம்" என்று சொல்லத் தோன்றியது. அந்த மனிதர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வண்டியை நடைபாதையில் ஏற்றித் தம்பானூர் நெரிசலைத் தாண்டினார்.

டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். முன்காலில் ஊசி ஏற்றி டிரிப் போட்டார். யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை. "இது எல்லா வீட்டிலயும் ஒரு தடவை நடக்கும்" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் வரை வைத்திருக்க வேண்டும் என்றும், அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு எங்களைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

பதினொரு மணி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருடைய சட்டை தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்தேன். கை நடுங்கியது.

"என்ன பண்றது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லை. அவன் எப்படி இருக்கான்?"

கோயிலுக்குப் போகும் முன்பே மாத்திரையை விழுங்கியிருக்கிறார், வந்து டிபன் சாப்பிடலாம் என்று. டிபன் அடுப்பிலேயே இருக்கிறது. நான் டாக்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் எங்கள் பையிலிருந்த மீட்டரை எடுத்து, அவர் விரலைப் பிடித்துக் குத்திவிட்டார். பதினைந்து வருடக் கட்சி அரை நொடியில் கலைந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு, "சார், பூச்சைக்கு இப்போ உங்களைவிடக் கூடுதல்" என்று சொல்லி, அதே தேன் பாட்டிலைத் திறந்து நீட்டினார். என் கணவர், யார் வாய்க்குள் போய்வந்த விரல் அந்தத் தேனில் முக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் யோசித்தார். பிறகு மூன்று ஸ்பூன் குடித்தார்.

பிற்பகல் நாலு மணிக்குப் பூனை தலையைத் தூக்கி, அந்த அறையில் எல்லோரையும் ஒவ்வொருவராக முறைத்தது. என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒரு மதில்சுவர்தான் இருந்தது. என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். முப்பது வருடத்தில் கேட்காமல் விட்ட சில கேள்விகளில் அதுவும் ஒன்று.

மறுநாள் அடுக்களையில் ஒரு தினசரிக் காலண்டரை மாட்டினோம். ஊசி போட்டவர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்; கையெழுத்து இல்லாமல் யாரும் குப்பியைத் தொடக்கூடாது. அரசாங்க அலுவலகத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்ததன் ஒரே பயன் அதுதான். அதற்குப் பிறகு ஒரு தப்பும் நடக்கவில்லை. மீனும் கோழியும் தங்கள் வேலையைச் செய்தன. எண்கள் இறங்கின, பின்கால் நிமிர்ந்தது, ஓட்டின் மேல் ஏறிக் காக்கையைத் துரத்துகிற அளவுக்குத் தெம்பு வந்தது. ஒரு யூனிட் அரை யூனிட்டாகி, ஏழாவது மாதத்தில் டாக்டர் இன்சுலினையே நிறுத்திவிட்டார். "சில பூச்சைகளுக்கு இப்படி நேராகும். திரும்பியும் வரலாம். சாப்பாட்டை மட்டும் மாத்தாதீங்க" என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "சாருக்கும்தான்" என்றார்.

சாருக்கு எண்கள் இறங்கவில்லை. ஆனால் விரலில் குத்திப் பார்த்துக்கொள்கிறார், வாரத்துக்கு ஒருமுறை, நான் பார்த்துக்கொண்டிருந்தால்.

ஊசி நின்ற இரண்டாவது வாரம், சாயங்காலம், பக்கத்து வீட்டு மாமி தன் கணவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். மாமாவுக்கு எழுபது வயது. அவருக்கும் அவருடைய டாக்டர் இன்சுலின் எழுதிவிட்டாராம். பாயசம் அந்த வீட்டில் பூனைக்கு மட்டும் வைக்கவில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

"எனக்குக் கை நடுங்கறது, மாமி. உங்காத்து மாமாதான் நன்னா போடுவாராமே. தெருவே சொல்றது" என்றாள்.

என் கணவர் எழுந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். மாமா வேட்டியைப் பிடித்தபடி, வகுப்பில் எழுந்து நிற்கும் பையன் மாதிரி நின்றார்.

"சாப்டாச்சோல்லியோ?" என்று கேட்டார் என் கணவர்.

"ரெண்டு தோசை."

"தட்டைக் காலி பண்ணினேளா?"

மாமா பண்ணினேன் என்று தலையாட்டினார். என் கணவர் திருப்தியோடு குப்பியை உள்ளங்கையில் உருட்டினார். பிறகு மாமாவின் பிடரியை நோக்கி அவர் கை போவதைப் பார்த்து, நான் பாய்ந்து எழுந்து தடுத்தேன்.