அது பெயிண்டுதான் உம்மா

கிரைண்டர் சத்தம் திடீரென்று நின்றால் இன்றைக்கும் என் கை அப்படியே நின்றுவிடுகிறது. பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் கணவரின் வெல்டிங் பட்டறை. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அங்கே செய்வார்கள். கல்யாணமாகி வந்த புதிதில், இரும்பை வெட்டித் தேய்க்கிற அந்தக் கிரைண்டர் சத்தத்தில் தலை பிளந்தது. பிறகு சத்தம் இருக்கிறவரை நிம்மதி, நின்றால்தான் பயம் என்று ஆகிவிட்டது. சுவிட்சை அணைத்தால் கிரைண்டர் இழுத்து இழுத்து மெதுவாக ஓயும். எதிலாவது சிக்கி நின்றால் வெட்டினாற்போல நிற்கும். சத்தம் அப்படி வெட்டி நின்ற ஒவ்வொரு முறையும் என் மாமியின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டேன். மாமி என் கணவரின் உம்மா. அவருக்கு ரத்தம் ஆகாது.

பயந்தாங்கொள்ளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாமா வளைகுடாவில் இருந்த காலத்தில் தனி ஆளாக நின்று இந்த வீட்டைக் கட்டி முடித்தவர் மாமி. சுவர் கொஞ்சம் கோணலாக எழுந்ததென்று கொத்தனாரை இடிக்க வைத்து மறுபடி கட்ட வைத்தாராம். பின்கட்டில் பாம்பு வந்தால் தெரு ஆண்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தானே கம்பை எடுப்பார். ஆனால் ஒரு துளி ரத்தம் கண்ணில் பட்டால் போதும். முதலில் ஒரு கொட்டாவி வரும், பிறகு மேலுதட்டில் வேர்வை அரும்பும், பிறகு ஆளே சரிந்துவிடுவார். கொட்டாவி வந்ததுமே யாராவது ஓடிப் போய்ப் பின்னால் பிடித்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

பக்ரீத் அன்று அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொள்வார். குர்பானிக் கறியை நான் தண்ணீர் தெளிகிறவரை அலசி வைத்த பிறகுதான் வெளியே வருவார். வந்துவிட்டால் அவரைப்போலச் சமைக்க எங்கள் தெருவிலேயே ஆள் கிடையாது. என் பிரசவத்துக்குத் துணைக்கு வந்தவரைக் கடைசியில் பக்கத்துக் கட்டிலில் படுக்கப் போட்டார்கள். பேரனைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மாமியைத்தான் முதலில் நலம் விசாரித்தார்கள். சின்ன வயதில் எதையாவது பார்த்துப் பயந்தீர்களா என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை, பிறக்கும்போதே கூட வந்தது, சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாதில்லையா, அதுபோலத்தான் என்று சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு இரும்பு வேலை செய்கிற மகன். அந்த வேலையில் காயம் படாத கை உண்டா? தகட்டு விளிம்பு கிழிக்கும், பிசிறு குத்தும், பொறி பட்டுக் கொப்பளிக்கும். மருந்து டப்பாவை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். என் கணவர் பின்வாசலில் வந்து நின்று கண்ணைக் காட்டினால், மொட்டை மாடியில் காயும் வத்தலைக் காக்கை கொத்துகிறது என்று மாமியிடம் சொல்லுவேன். வத்தல் காயப்போடாத நாளிலும் சொல்லியிருக்கிறேன். மாமி ஒன்றும் கேட்காமல் படியேறிப் போய்விடுவார். குழாயடியில் காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, தரையையும் கழுவிவிட்ட பிறகு கூப்பிடுவேன். இறங்கி வருகிறவர் மகனின் கையைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்ப்பார். சோறு போட்டுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தும்போதும் முகத்தைத்தான் பார்ப்பார்.

எங்களுக்குக் கைகொடுத்தது ரெட் ஆக்சைடு. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சாக அடிக்கிற செம்மண் நிறப் பெயிண்ட் அது. எங்கள் பட்டறையில் அதை அடிக்கிறவர் டவுனிலிருந்து வருகிற பெயிண்டர் அண்ணாச்சி. அவர் தூரிகையை எடுத்தால் கேட்டில் பாதி, தரையில் பாதி. பட்டறைத் தரை, பின்வாசல் படி, என் கணவரின் சட்டை, எங்கே பார்த்தாலும் சிவப்புச் சொட்டுதான். அதனால் எப்போதாவது ரத்தக் கறை மாமியின் கண்ணில் பட்டுவிட்டால் எல்லோருக்கும் ஒரே பதில், “அது பெயிண்டுதான் உம்மா.” மாமி சரி என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நம்பினாரா, நம்ப வேண்டும் என்று நம்பினாரா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

இது போதாதென்று என் கணவர் இன்னொன்றும் செய்தார். பட்டறையில் சூட்டு இரும்பைத் துடைக்க ஒரு வாளித் தண்ணீரில் பழந்துணிகள் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். கை கிழிந்தாலும் அவசரத்துக்கு அதைத்தான் எடுத்துச் சுற்றிக்கொள்வார்கள். வெள்ளைத் துணியில் கறை பளிச்சென்று தெரிகிறது என்று, மேலப்பாளையத்தில் தெரிந்த தையல்காரரிடம் சொல்லி வைத்து மெரூன் நிற வெட்டுத்துணிகளை மட்டும் மூட்டையாக வாங்கி வந்தார். அதில் ரத்தம் பட்டால் ஈரம் மாதிரிதான் இருக்கும். இந்த யோசனையில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மாமிக்குக் கொட்டாவி வருவது நின்றுபோனது, வீடும் கொஞ்சம் மூச்சு விட்டது.

அன்றைக்கு ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு புது வீட்டுக்கு கேட் போக வேண்டியிருந்தது. மறுநாள் பால் காய்ப்பு, மதியம் வண்டி வந்துவிடும். காலையிலிருந்து கிரைண்டர் ஓயவில்லை. நான் அடுப்படியில் நின்றேன், மாமி கீழே உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் வெட்டினாற்போல நின்றது. மாமி என்னைப் பார்த்தார், நான் மாமியைப் பார்த்தேன். அதற்குள் சத்தம் மறுபடி கிளம்பிவிட்டது. அப்பாடா என்று நான் குழம்பைக் கிளறினேன். அப்போது அங்கே நடந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெட்டுகிற வட்டு உடைந்து தெறித்து என் கணவரின் இடது மணிக்கட்டுக்கு மேலே ஆழமாக இறங்கியிருக்கிறது. வாளியிலிருந்து துணியை எடுத்து இறுக்கிச் சுற்றிக்கொண்டு, உம்மா பயந்துவிடக் கூடாதே என்று வலது கையால் கிரைண்டரை எடுத்துச் சும்மா ஓட விட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் அவரே பின்வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டார். கையில் மெரூன் துணி. என்னவென்று கண்ணாலேயே கேட்டேன். சூடு பட்டுவிட்டது என்று மாமிக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மாமி முன்னால் அவிழ்த்துக் காட்டவும் முடியாது, நான் கேட்கவும் முடியாது. துணி நனைந்திருந்தது, அது எப்போதும் நனைந்த துணிதானே. ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார். பட்டறையிலிருந்து பின்வாசல்வரை சொட்டிக்கிடந்ததைப் பெயிண்டர் அண்ணாச்சியும் பார்த்திருக்கிறார். தன் பெயிண்ட் டப்பாதான் ஒழுகுகிறது என்று நினைத்து அதைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மாமிக்குக் கொட்டாவி வந்தது. நான் கவனிக்கவில்லை. இன்னொரு கொட்டாவி வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். மேலுதட்டில் வேர்வை. ரத்தம்தான் எதுவும் இல்லையே, சர்க்கரை குறைந்துவிட்டதோ என்று சீனி டப்பாவைத் தேடினேன். மாமி சுவரைப் பிடித்து எழுந்து, மகன் நின்ற படிக்குப் போய்க் குனிந்தார். வழக்கம்போலச் சிவப்புச் சொட்டுகள். நான் தினமும் மிதித்து நடக்கிற படி அது.

“இது பெயிண்டு இல்ல பிள்ள,” என்றார். “பெயிண்டுக்கு எனக்குக் கொட்டாவி வராது.”

சொல்லிவிட்டு அவர் மாடிப்படிப் பக்கம் போகவில்லை, பட்டறைக்குள் போனார். மகன் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவர் கால் வைக்காத இடம். என் கணவர் இரும்புக் குழாய் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனார். குழறுகிற வாயோடு, “அது பெயிண்டுதான் உம்மா,” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் துணியை ஒரு சுற்று அவிழ்த்ததும் ரத்தம் விட்டு விட்டுப் பீய்ச்சியது. மாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். “எங்க அமுக்கணும்னு கைய எடுத்து வையி,” என்றார். எடுத்து வைத்தேன்.

அண்ணாச்சி ஓடிப் போய் ஆட்டோ கொண்டுவந்து, டிரைவர் பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டார். பெரியாஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனையும் ஜங்ஷனையும் தாண்டிப் போக வேண்டும். நடுவில் என் கணவர், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மாமி. அவருடைய கையைத் தன் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார் மாமி. கண் திறக்கவே இல்லை. எனக்கு என் கணவரைவிட மாமியை நினைத்துத்தான் பயம். அவர் மயங்கினால் பிடி விட்டுப்போகும், பிடி விட்டால் எல்லாமே போய்விடும். ஒரு கொட்டாவி வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார். ஓதுவதும் மகனை ஏசுவதுமாக மாறி மாறி வந்துகொண்டிருந்தார். “தூங்காதலே, சொல்லுதேன்லா, தூங்காத,” என்று அதட்டினார். டவுனில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. “ஆத்துப் பாலம் வந்துட்டா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் நம்பினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையை எடுக்கச் சொன்னார். மாமியால் எடுக்க முடியவில்லை, விரல்கள் அப்படியே இறுகிப்போயிருந்தன. நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். கடைசி விரல் பிரிந்ததும் மாமி சரிந்து விழுந்தார். இந்த முறை பின்னால் பிடிக்க யாரும் இல்லை. அவரையும் தூக்கி பெஞ்சில் படுக்க வைத்தார்கள். எவ்வளவு ரத்தம் போயிருக்கும் என்று டாக்டரம்மா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. டாக்டரம்மா அந்த மெரூன் துணியை வாங்கி ஒரு கிண்ணத்தில் பிழிந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அளவு புரிந்தது. இந்த நிறத் துணியைக் கட்டினால் யாருக்கு என்ன தெரியும் என்று அவர் கடிந்துகொண்டார்.

ரத்தம் ஏற்றினார்கள், நாளத்தைத் தைத்தார்கள், என் கணவர் பிழைத்தார். இரண்டு விரல்களில் இன்றுவரை உணர்ச்சி குறைவு, சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். பெஞ்சில் கண் விழித்த மாமி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இல்லை. துணியின் நிறத்தைப் பற்றிச் சொன்னது உட்பட உள்ளதைச் சொன்னேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே மாமி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து வெள்ளைத் துப்பட்டியை எடுத்தார். வெளியே போகும்போது உடல் முழுக்கப் போர்த்திக்கொள்கிற நீளத் துணி அது. அதன் விளிம்பில் அரிவாள்மணையால் ஒரு கீறல் போட்டு, கிழித்துக் கிழித்து அடுக்கினார். தொட்டில் கட்டினாற்போலக் கையைத் தொங்கவிட்டிருந்த என் கணவர், வேண்டாம் உம்மா, நீங்கள் பார்த்தால் விழுந்துவிடுவீர்கள் என்று தடுத்துப் பார்த்தார். மாமி கிழிப்பதை நிறுத்தவில்லை.

“நா விழுந்தா ஒரு செம்புத் தண்ணி தெளிச்சா எந்திச்சிருவேன்,” என்றார். “நீ விழுந்தா நாங்க எதத் தெளிக்க?”

மெரூன் மூட்டை அன்றைக்கே பழைய இரும்போடு போயிற்று.

மாமி மவுத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. கிரைண்டருக்கு இப்போது என் கணவர் மூடி போட்டிருக்கிறார், கையுறை இல்லாமல் வேலை இல்லை. வாளியில் வெள்ளைத் துணிதான் ஊறுகிறது. அதற்காக எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். சத்தம் நின்றால் இப்போது நான் முகம் பார்க்க அடுப்படியில் ஆள் இல்லை, நேரே பட்டறைக்குப் போய் நின்று பார்க்கிறேன். மாமிக்கும் கடைசிவரை அந்தப் பயம் தெளியவில்லை. துப்பட்டியைக் கிழித்ததோடு கொட்டாவி நின்றுவிட்டது என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம்.

கை தேறி என் கணவர் மறுபடி வேலைக்கு இறங்கிய பிறகு ஒரு நாள், தகடு விளிம்பு பட்டுக் கட்டைவிரல் கிழிந்துவிட்டது. விரலில் வெள்ளைத் துணியோடு பின்வாசலுக்கு வந்தார். அடுப்படியில் மாமி இருந்தார். பழைய பழக்கத்தில் என் கணவரின் கை பின்னால் போயிற்று. காக்கை, வத்தல் என்று என் வாயும் திறந்துவிட்டது. பிறகு அவராகவே கையை முன்னால் கொண்டுவந்தார்.

“பெயிண்டு இல்ல உம்மா. ரத்தந்தான். சின்னக் காயம்.”

மாமிக்குக் கொட்டாவி வந்தது. எழுந்து போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டு, என்னைச் செம்பில் தண்ணீரோடு பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். நான் வந்து நின்றதும் மகனைப் பார்த்து, “இப்பக் காட்டுலே,” என்றார்.