காளிமுத்து பேசிய இங்கிலீஷ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அரியலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் வாத்தியாராகச் சேர்ந்தேன். பிள்ளைகள் இங்கிலீஷில் பேசும்போதே குறுக்கிட்டுப் பிழைகளைத் திருத்துவேன். நாளடைவில் யாருமே வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் வெள்ளைக்கார ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வகுப்பைப் பார்வையிட வந்தார். என் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்விக்கே பயத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. அவர் முகம் சுளித்தார்.

திருமானூர்ப் பையன் காளிமுத்து எழுந்தான். வகுப்பில் அதுவரை பேசாதவன்.

“சார் குட் டீச்சர். டுடே ஒன்லி ஃபியர்.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு அவனிடம் பேச்சுக் கொடுத்தார். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் தைரியம் வந்தது.

அவர் போனதும், “எப்படிடா பேசுன?” என்றேன்.

“நீங்க முழிச்சதப் பாக்க முடியல சார். வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்.”

வேலை நிலைத்தது. அவன் பேச்சிலிருந்த பிழை ஒன்றுகூட என் காதில் விழவில்லை என்பது வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.