பின்பலகையில் ஒரு பொட்டு

அந்தப் படகைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடக்வாஸ்லா அணைத் தண்ணீரில் சாதுவாக மிதந்துகொண்டிருக்கும். காலையில் போய் மூடியைத் திறந்தால் அடிக்குழியில் இரண்டு வாளித் தண்ணீர் நிற்கும். நான்கு மாதம் இதே கதை. எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பூனாவில் ஓர் அரசுத் துறைப் பட்டறையில் மேற்பார்வையாளன். லாரி, ஜெனரேட்டர், பம்பு என்று எனக்குத் தெரிந்த வேலைகளைப் பார்த்துக்கொண்டு சிவனே என்று இருந்தவன். அணையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் யாராவது தவறி விழுந்தால் தூக்கி வருவதற்கென்று ஒரே ஒரு படகு இருந்தது. அதற்கும் நானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

சாதாரண மோட்டார் படகில் எஞ்சின் பின்னால் வெளியே தொங்கும். இதில் எஞ்சின் உள்ளே இருந்தது; தண்ணீருக்குள் நிற்கும் காலும் அதன் விசிறியும் வெளியே. ஸ்டெர்ன் டிரைவ் என்பார்கள். இரண்டையும் சேர்ப்பதற்காகப் படகின் பின்பலகையில் பெரிய ஓட்டை போட்டு, இரும்புத் தட்டு, போல்ட்டு, ரப்பர் வளையம், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை என்று அடைத்திருப்பார்கள். படகிலேயே ஓட்டையைப் போட்டுவிட்டு, தண்ணீர் வராமல் பார்த்துக்கொள் என்று சொன்ன புண்ணியவான் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

படகை ஓட்டியவர் அணைக்கரைக் கிராமத்து மராட்டியர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஏழு வருடமாகத் தற்காலிக வேலை. அந்த வருடம் வேலையை நிரந்தரமாக்கும் பட்டியலில் முதல் தடவையாக அவர் பெயர் சேர்ந்திருந்தது. எங்களுக்குள் பேச்சு அரைகுறை இந்தியில் நடக்கும். அவர் என்னை "சாஹேப்" என்பார். நான் அவரை "நீ" என்பேன், அதையும் உரக்கச் சொல்வேன்.

தசராவுக்குப் படகைக் கரையேற்றி டிரெய்லரில் நிறுத்திப் பூஜை போட்டோம். போட்டோம் என்ன, நான் போட்டேன். மராட்டியர்களும் அன்றைக்கு ஆயுதங்களுக்குப் பூ வைப்பார்கள்தான். ஆனால் திருநெல்வேலிக்காரன் எப்படிச் செய்வான் என்று காட்ட வேண்டாமா? சாமந்தி மாலை டிரைவின் காலைச் சுற்றி அம்மனுக்குப் போட்டது போல் விழ வேண்டும் என்று பின்பலகையில் இரு பக்கமும் கொக்கி திருகி மாட்டினேன். படகோட்டி கையில் ஒரு கயிற்றோடு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பூஜை நேரத்தில் வாயைத் திறக்காதே" என்று ஒரு அதட்டல் போட்டேன். அவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். சுண்டல் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒழுகல் தொடங்கியது.

உள்ளே இருந்து பார்த்தால் இரும்புத் தட்டின் போல்ட்டு ஒன்றைச் சுற்றித் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. ஆக, டிரைவில்தான் கோளாறு. ரப்பர் உறை மேல் சந்தேகப்பட்டேன். வெளிநாட்டுச் சாமான், எழுதிப் போட்டால் வந்து சேர ஒரு வருடம். பழைய உறையைத் தூக்கிக்கொண்டு போசரியில் ரப்பர் வார்க்கும் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். முதலில் வார்த்தது தடிமன், மடங்கவில்லை. இரண்டாவது மடங்கியது, கிழிந்தது. மூன்றாவது கனகச்சிதம். மாட்டினோம், படகை இறக்கினோம். காலையில் இரண்டு வாளி.

வளையத்தை மாற்றினேன். போல்ட்டுகளைக் கழற்றி நூல் சுற்றிப் பசை வைத்து முறுக்கினேன். எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் குழாயை மாற்றினேன். டிரெய்லரில் நிறுத்தி ஹோஸால் பீய்ச்சி அடித்தால் உள்ளே பொட்டு ஈரம் கிடையாது. ஏரியில் வேகமாக ஓட்டினால் அப்போதும் காய்ந்து கிடக்கும். சும்மா கட்டிப்போட்டால் மட்டும் நிறையும். நான் முதுகைக் காட்டியதும் படகு வேண்டுமென்றே தண்ணீர் குடிக்கிறது என்றே நம்ப ஆரம்பித்துவிட்டேன். எஞ்சினுக்குப் பின்னால் தலையை நுழைத்து நுழைத்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. சாங்வியில் இருந்த வீட்டுக்கு ஆயிலும் சேறுமாகப் போய் நிற்பேன்.

"ஏங்க, படகுக்குள்ள போனியளா, அடியில போனியளா?" என்பாள் மனைவி.

"வாயை மூடு" என்பேன். அந்த நான்கு மாதமும் நான் யாரிடமும் வேறு எதுவும் பேசியதாக நினைவில்லை.

இதற்கிடையில் அதிகாரி காரணம் கேட்டு எழுதிவிட்டார். மீட்புப் படகு இல்லாமல் பயிற்சியே நின்றுபோயிருந்தது. எனக்கோ காரணம் தெரியாது. தெரியவில்லை என்று எழுத மானம் இடம் தரவில்லை. கையில் அகப்பட்டவர் படகோட்டி. தண்ணீர் குறைந்திருந்த நாளில் பாறையில் மோதியிருப்பான், தட்டு நெளிந்திருக்கும், மறைக்கிறான். இதுதான் நான் கண்டுபிடித்தது. அஜாக்கிரதையாக ஓட்டியதால் ஏற்பட்ட சேதம் என்று ஒரு சனிக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன். படகோட்டியிடமும் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"மோதலை, சாஹேப்" என்றார்.

"பின்னே தண்ணி வானத்துல இருந்து வருதா?"

அவர் படகின் பக்கம் திரும்பினார். "இத்தனை நாள் வெளியே தண்ணி வெச்சுத்தானே தேடினோம்? ஒரு தடவை படகைக் கரையேத்தி, உள்ளே தண்ணி ஊத்தி வைப்போம். வந்த வழி எதுவோ, அதே வழியா வெளியே வரட்டும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இருபது வருடம் ஸ்பானர் பிடித்தவனுக்கு இது தோன்றவில்லையே என்ற கோபம். எரிச்சலோடு "ஊத்து" என்றேன். திங்கள்கிழமை படகை டிரெய்லரில் ஏற்றி, பின்பக்கம் போல்ட்டு முங்கும்வரை வாளி வாளியாக ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை டிரைவைச் சுற்றி விரலால் தடவினேன். தட்டு காய்ந்திருந்தது. ரப்பர் உறை காய்ந்திருந்தது. பாவம், போசரிக்காரரை மூன்று தடவை அழவைத்திருந்தேன். தட்டுக்கு ஒரு சாண் தள்ளி, வலது பக்கம், ஒரு சின்ன ஓட்டையில் மட்டும் சொட்டு நின்றது. விரலில் எடுத்தேன். சிவந்திருந்தது.

குங்குமம்.

தசராவன்று மாலையைக் கழற்றி, கொக்கிகளையும் திருகி எடுத்துவிட்டு, ஓட்டை அசிங்கமாகத் தெரிகிறதே என்று சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமப் பொட்டு வைத்தது நானேதான். டிரெய்லரில் நின்ற படகுக்கு எது நீர்மட்டம் என்று யார் யோசித்தார்கள்? இடது ஓட்டை தப்பித்தது, வலது ஓட்டை தண்ணீருக்குள் போய்விட்டது. சந்தனம் மூன்று வாரம் அடைத்துக்கொண்டிருந்து கரைந்துபோயிருக்கிறது; குங்குமம் மட்டும் பலகைக்குள் ஊறித் தங்கியிருக்கிறது. வெளியே ஃபைபர் பூச்சு, உள்ளே ஒட்டுப்பலகை. தண்ணீர் பலகைக்குள்ளேயே ஊறிப் போய் போல்ட்டு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறது. ஹோஸை நான் பிடித்ததெல்லாம் டிரைவில்தான்; வேகமாக ஓட்டினால் பின்பலகையைத் தண்ணீர் தொடாது. நான் எட்டிப் பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகோட்டி பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். முதல் தடவையாக "நீங்கள்" வந்தது.

"சந்தேகம் இருந்தது."

"அட கடவுளே! அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தானே வந்தேன். ஓட்டை போட வேண்டாம், மாலையைக் கயித்துல கட்டலாம்னு கயிறு கொண்டாந்தேன். வாயைத் திறக்காதேன்னுட்டீங்க."

"சரி, அதுக்கப்புறம்? நாலு மாசமா நான் நாயா அலைஞ்சேனே?"

"பூஜை பண்ணினதாலதான் தண்ணி வருதுன்னு நான் எப்படிச் சொல்றது, சாஹேப்? தன் தப்பை மறைக்கச் சாமியை இழுக்கிறான்னு நீங்களே சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அதற்கு மேல் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கையைக்கூடக் கழுவாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அறிக்கையைத் திருப்பித் தாருங்கள், தப்பு என்னுடையது என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பூஜை என்றதும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நிரந்தரமாக்கும் பட்டியல் நேற்றே மேலிடத்துக்குப் போய்விட்டது என்றார். அஜாக்கிரதை என்று அறிக்கை இருந்ததால் படகோட்டியின் பெயரை அடித்துத்தான் அனுப்பினாராம். புதிதாக எழுதிக் கொடு, அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்றார். என் பெயரைப் போட்டே எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு வாய்மொழிக் கண்டிப்போடு முடிந்தது. திரும்பிப் போய் படகோட்டியிடம் சொன்னபோது, "அச்சா" என்றார். படகைத் துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு நிமிடம் நின்று, மறுபடியும் துடைத்தது.

அடுத்த தசராவுக்கும் படகைக் கரையேற்றினோம். மாலை வந்தது. அவர் கயிற்றோடு வந்து நான்கு அடி தள்ளி நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் மாலையை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டேன். படகின் மேல்விளிம்பில் இருந்த இரும்பு வளையத்தில் கயிற்றை முடிந்து, பலகையில் ஒரு கீறல் படாமல் நிதானமாகக் கட்டினார். எட்டாவது வருடம், அப்போதும் அவர் தற்காலிகம்தான்.