செசிலியின் பக்கம் திரும்பிய பானை

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நாட்களில் ஸ்பிரிங்வெளி மலைச்சரிவில் முள்முருங்கை சிவக்கச் சிவக்கப் பூத்திருக்கும். அந்தப் பூ உதிர்வதற்குள் போஞ்சி கொடியேறிவிட வேண்டும் என்பது விஜயலெட்சுமியின் கணக்கு. தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வரிசைக்குத் திரும்பியவள் காலைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குப் பின்னால் உள்ள பாத்திகளுக்குப் போய்விடுவாள். மகள் சுபாஜினி மலையூற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் சுமப்பாள். கணவன் தயாபரனின் பங்கு, கம்பு நடுவதும் உரம் போடுவதும். முட்டைக்கோவாவும் பீட்ரூட்டும் வீட்டுக்கு. போஞ்சியின் முதல் பறிப்பு மட்டும் மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்கு. வருடம் தவறாமல் ஒரு கூடை போகும்.

தயாபரன் தேயிலைத் தோட்டத்தில் களைப்புல்லுக்கு மருந்து அடிப்பவன். வேலை முடிந்ததும் மருந்து டாங்கியை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஸ்டோர் பூட்டியிருந்ததால் டாங்கி அவனோடு வீட்டுக்கு வந்தது. மறுநாள் நல்ல வெயில். சாணியும் இலைதழையும் ஊறிய கரைசல் பீப்பாயில் தயாராக இருந்தது. வாளியால் மொண்டு ஊற்றுவதைவிட டாங்கியில் அடித்தால் இலையெல்லாம் நனையுமே என்று அவனுக்குத் தோன்றியது. பீலிக்குக் கீழே வடிகானில் டாங்கியை ஒரு தடவை அலசினான். ஒரு தடவை போதாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் பின்னால் குடங்களோடு ஆட்கள் நின்றார்கள், அவனுக்கும் அவசரம்.

அவன் அடித்து முடித்த வேளையில் அடுத்த வீட்டுச் செசிலி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“அடியாத்தி! என்னா விஜயா, போஞ்சியா இது? காடாட்டம்ல கெடக்கு! எம்பாத்தியில ஒண்ணுகூட ஏற மாட்டேங்குதுடி.”

அந்த வாரம் முடிவதற்குள் கொழுந்திலைகள் கிண்ணம்போலச் சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு, பாத்தி முழுதும் மஞ்சளித்தது. தயாபரன் குனிந்து ஒரே ஒரு இலையைத்தான் புரட்டிப் பார்த்தான். தேயிலைக்கு நடுவே தான் மருந்தடித்த புல்லெல்லாம் இப்படித்தான் முறுக்கிக்கொண்டு சாகும்.

“செசிலி கண்ணு பட்டுருச்சுங்க” என்றாள் விஜயலெட்சுமி.

“இருக்கும்” என்றான் அவன்.

அந்த ஒரு சொல் வாயை விட்டுப் போனபோது அதற்குக் கனமே இருக்கவில்லை. பிறகுதான் கனத்தது. அன்று மாலை உப்பும் மிளகாயும் எடுத்துப் பாத்தியைச் சுற்றி அடுப்பில் போட்ட விஜயலெட்சுமி, “நெடியே வரல பாத்தீங்களா? அம்புட்டுக் கண்ணூறு!” என்றாள். அவன் தொண்டையில் கமறிய நெடியை இருமாமல் விழுங்கிக்கொண்டான். மறுநாள் அவள் பழைய மண்பானை ஒன்றில் சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் எழுதி, செசிலி வீட்டைப் பார்த்தபடி கம்பில் கவிழ்த்தாள். லயத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

கறி மாற்றிக்கொள்வது நின்றது. பேச்சும் நின்றது. ஒரு காலை, பீலியில் செசிலி குடத்தை வைத்ததும், பக்கத்தில் நின்ற குழந்தைக்காரி ஒருத்தி தன் கைக்குழந்தையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள். பல் விளக்கிக்கொண்டு நின்ற தயாபரன் அதைப் பார்த்தான். செசிலியும் பார்த்தாள். நிறையாத குடத்தோடு அவள் திரும்பிப் போனாள். அன்று மலையில் அவன் முதுகில் டாங்கி என்றைக்கும் இல்லாதபடி அழுத்தியது.

சாயங்காலம் புருஷனும் பெண்சாதியும் காய்ந்த கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது செசிலி வேலியோரம் வந்தாள். விஜயலெட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏன் விஜயா, எங்கண்ணு அம்புட்டு வேகம்னா ஒன் வீட்டுக்காரரு எதுக்குடி டாங்கி தூக்கணும்? என்னைய மலைக்குக் கூட்டிட்டுப் போயி புல்லைப் பாக்கச் சொல்லு. கம்பெனிக்கு மருந்தாவது மிச்சமாகும்!”

கேலிதான். ஆனால் சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்தது. தயாபரனின் கையிலிருந்த கொடி நழுவியது.

“கண்ணு இல்ல செசிலி” என்றான். “டாங்கி. நாந்தான் சரியா அலசல. மொத நாளே தெரியும்.”

விஜயலெட்சுமி அவனையே பார்த்தாள். “தெரிஞ்சுமா ‘இருக்கும்’னீங்க?”

அவன் தலையாட்டினான். செசிலி சத்தம் போடுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தான்; ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“பீலியில புள்ளைய மூடுனாங்களே அண்ணே,” என்றாள் அவள். “நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?”

அவன் நழுவிய கொடியைக் குனிந்து எடுத்தான்.

விஜயலெட்சுமி கம்போடு பானையைப் பிடுங்கினாள். வீட்டின் பின்வாசலைப் பார்த்தபடி அதைத் திருப்பி ஊன்றினாள். “வாங்க” என்றாள். “இப்ப எல்லாரும் தண்ணிக்கு வந்துருப்பாங்க. அங்க வந்து உங்க வாயால சொல்லுங்க.”

அவன் போனான். சொன்னான். ஒருத்தி சிரித்தாள், குழந்தைக்காரி குனிந்து குடத்தைத் தூக்கினாள். செசிலி அங்கே வரவில்லை.

அந்த வருடம் கோயிலுக்குக் கூடை போகவில்லை. சித்திரை மழைக்கு விஜயலெட்சுமி வேறு பாத்தியில் விதை ஊன்றினாள். செசிலியின் பாத்திக்கும் ஒரு பிடி கொடுத்தாள். இரண்டுக்கும் கம்பு வெட்டித் தருவது தயாபரன்தான். செசிலி கம்பை வாங்கிக்கொள்வாள், பேசுவதில்லை. விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிப் பின்கதவைத் திறந்ததும் அந்தச் சுண்ணாம்புக் கண்கள்தான் அவன் எதிரே நிற்கும். மழையில் கரைந்துபோனால் அவனே மறுபடி எழுதி வைக்கிறான்.