479-க்கு அடுத்த எண்

ஒரகடத்திலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் இன்று பக்கத்து சீட் கவிதா போனை நீட்டினாள். உலகத்திலேயே பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். எழுதினால் கோடிக்கணக்கான இலக்கங்கள் வருமாம்.

“அக்கா, நீ மேக்ஸ் தான படிச்ச? பகா எண்ணுன்னா இன்னாக்கா?”

ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் என்றேன்.

“அவ்ளோ பெருசெல்லாம் நமக்கு வேணாம். நம்ம சைஸுக்கு ஒண்ணு சொல்லு.”

“நானூத்தி எழுபத்தொம்போது.”

போனிலேயே மூன்று, ஏழு, பதிமூன்று என்று வகுத்துப் பார்த்தாள். எதற்கும் மசியவில்லை.

“ஆமாக்கா. ஆனா நானூத்தி எம்பது மட்டும் ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு எல்லாத்துலயும் போவுதே!”

சிரித்தவள் என் கழுத்தைப் பார்த்து நிறுத்தினாள். ஐடி கார்டு இல்லை.

ஷிஃப்ட் முடிந்ததும் கான்ட்ராக்டரின் ஆள் அதை வாங்கிக்கொண்டார். “நாளைலேர்ந்து வர வேணாம்மா. ஆள் தேவைப்பட்டா கூப்புடுறோம்.”

இரண்டு வருஷத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். இன்று எனக்கு 479-ஆவது நாள்.

கவிதா விரலை மடக்கித் தன் நாட்களை எண்ண ஆரம்பித்தாள். வல்லக்கோட்டை தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்று காலேஜில் நிரூபித்து மார்க் வாங்கியிருக்கிறேன். 479-க்கு அப்புறம் 480 வரும் என்பதைத்தான் இந்த ரோட்டில் நிரூபிக்க முடியவில்லை.

கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்.