பகலில் ஆடிய சிலந்தி

பலிமே ஊர்த் துணியாலையில் யாய்ராவும் நானும் அடுத்தடுத்த தறிகளில் நின்றோம். நாட்டின் தலைவர் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் முகம் அச்சிட்ட துணியைக் கட்டிக்கொண்டு, அவரைப் புகழ்ந்து ஆலையே ஆட வேண்டும். மறுத்தால் வேலை போய்விடும். யாய்ரா ஆடச் சம்மதித்தது வேலைக்காக அல்ல, சிறையில் இருந்த தம்பி செலோமுக்காக. ஒரு சாவு வீட்டில் அவன் யீயி என்கிற பேராசைச் சிலந்தியின் கதையைச் சொன்னான். சொல்லும்போது யீயிக்குத் தலைவரின் நடையைக் கொடுத்துவிட்டான். குற்றம் அவ்வளவுதான்.

"முன் வரிசையில நல்லா ஆடு, தம்பியை விட்டுடுறோம்" என்றார் கட்சிச் செயலாளர்.

நான்கு மாதம் ஒத்திகை. தினமும் காலையில் மக்காச்சோளக் களியோடு சிறை வாசலுக்குப் போவாள். நானும் கூடப் போவேன்.

தலைவர் வந்த அன்று காவலாளி கிண்ணத்தை வாங்கவில்லை.

"இனிமே கொண்டு வராதக்கா."

"வேற ஜெயிலுக்கு மாத்திட்டாங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "களியை நீயே சாப்பிடு. ஆடப் போகணும்ல."

யாய்ரா அழவில்லை. கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக மைதானத்துக்குப் போனாள்.

உச்சி வெயில். தலைவரின் நாற்காலிக்கு எதிரே வந்ததும் முழங்கால்களை மடக்கி, முழங்கைகளை விரித்து, இரண்டு பக்கமும் அள்ளி அள்ளி வயிற்றில் போட்டாள். யீயியின் ஆட்டம். அது தெரியாத குழந்தைகூட அங்கே இல்லை. பிறகு உரக்கச் சொன்னாள்: "கதை வந்துச்சு, யீயி மேல விழுந்துச்சு."

கதையை இப்படித் தொடங்கினால் எங்கள் நாக்கு சும்மா இருக்காது. "விழுந்துச்சு, விழுந்துச்சு" என்றது மைதானம் முழுவதும். செயலாளரின் மனைவியும் சொன்னாள். அப்புறம்தான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

யாய்ராவை அங்கேயே பிடித்துப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து, மடங்காத முழங்காலோடு சிறையிலிருந்து வெளியே வந்தாள்.

பகலில் கதை சொன்னால் உறவில் ஒரு சாவு விழும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. "பட்டப்பகல்ல யீயியைக் கூப்பிட்டா, தம்பியை முழுங்கிட்டா" என்று பேசினார்கள். செலோமைச் சிறையில் அடித்துக் கொன்றவர்களை விட்டுவிட்டு வெயிலைக் குற்றவாளியாக்கினார்கள். போலீஸ் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வேலையை எங்கள் மூடத்தனமே செய்து கொடுத்தது.

போன மாதம் அவளே கேட்டாள்: "நிஜமா சொல்லுடி, நான்தான் கொன்னேனா?"

"கிண்ணம் திரும்பி வந்தது காலையில. நீ ஆடினது மத்தியானம். நான் கூடத்தானே இருந்தேன்."

மடங்காத முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"முந்தின நாள் தறிகிட்ட உன்னைச் சிரிக்க வைக்க யீயி மாதிரி ஆடிக் காட்டினேனே. அதுவும் பகல்தானே?"

நான் சிரித்தது நினைவுக்கு வந்தது.